நாண் அறுந்த சொல்

பள்ளியில் கணிதம் படித்த எவருக்கும் சைன் என்ற சொல் தெரியும். கோணத்தைக் கொடுத்தால் விகிதத்தைச் சொல்லும் ஒரு பெயராக அது நம்மிடம் வந்தது. தேர்வு முடிந்ததும் பலரிடமிருந்து விடைபெற்றுக்கொண்டது. இடையில் ஒரு முறைகூட அதன் பொருள் என்ன என்று நாம் கேட்டதில்லை. அதில் வியப்பும் இல்லை. பாட்டனின் பாட்டன் பெயர் தெரியாமலே குடும்பம் நடத்துவதைப் போல, வாயில் புழங்கும் பெயர்களில் பெரும்பாலானவற்றின் பொருள் தெரியாமலே நாம் வாழ்ந்துவிடுகிறோம்.

ஆனால் அந்தச் சொல்லோடு ஒரே அட்டவணையில் அமர்ந்திருக்கும் மற்றவை அப்படியல்ல. டான்ஜென்ட் என்றால் லத்தீனில் தொடுவது. சீகன்ட் என்றால் வெட்டுவது. டென்மார்க்கைச் சேர்ந்த தாமஸ் ஃபின்கே 1583இல் இவ்விரு பெயர்களையும் வைத்தபோது, வட்டத்தைத் தொடும் கோட்டையும் வெட்டிச் செல்லும் கோட்டையும் கண்ணால் பார்த்தே வைத்தார். நம் பாடநூல்களின் தொடுகோடும் வெட்டுக்கோடும் அதே பார்வையின் பிள்ளைகள். இவற்றின் நடுவே சைன் மட்டும் எதையும் காட்டாமல் நிற்கிறது. அதன் லத்தீன் மூலமான 'சினுஸ்' ஆடையின் மடிப்பைக் குறிக்கும். ரோமானியர் போர்த்திய நீண்ட ஆடை மார்பின் மேல் வளைந்து விழும் இடத்துக்கு அந்தப் பெயர். அதிலிருந்து மார்பு, குழிவு, கடற்குடா என்று பொருள்கள் விரிந்தன. மழைக்காலத்தில் நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டு 'எனக்குச் சைனஸ்' என்று நாம் முனகும்போது சொல்வதும் இதே சொல்லைத்தான். முக எலும்பின் உட்குழிவுகளுக்கு மருத்துவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். மூக்குக்காவது குழிவு உண்டு. முக்கோணத்துக்கும் ஆடை மடிப்புக்கும் என்ன உறவு?

ஓர் உறவும் இல்லை. ஒரு சொல்லின் பொருளுக்கும் அது சுட்டும் பொருளுக்கும் இடையே இப்படி வெற்றிடம் விழுந்திருந்தால், வழியில் எங்கோ ஒரு கைமாற்றத்தில் ஏதோ நழுவியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த இடத்தைத் தேடிப் பின்னோக்கி நடந்தால், பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸ்பெயினுக்கு வந்து சேர்கிறோம். டொலேடோ போன்ற நகரங்களில் அரபு நூல்கள் லத்தீனுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். தாலமியின் 'அல்மஜெஸ்ட்' நூலைத் தேடி இத்தாலியிலிருந்து டொலேடோவுக்கு வந்த கிரெமோனாவின் ஜெரார்ட், 1187இல் இறப்பதற்குள் 70க்கும் மேற்பட்ட நூல்களை மொழிபெயர்த்தார். அவரும் அவரையொத்தவர்களும் அரபு வானியல் நூல்களில் ஒரு சொல்லை மீண்டும் மீண்டும் கண்டார்கள். ஜீம், யா, பா என்ற மூன்று எழுத்துகள். அரபு எழுத்தில் குறில்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. படிப்பவர்தான் உயிர் கொடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்றெழுத்துக்கு எந்த அரபு வாசகனும் கொடுக்கக்கூடிய இயல்பான உயிர் 'ஜைப்'. அதன் பொருள், அங்கியின் மார்புத் திறப்பு, பிற்பாடு சட்டைப்பை. மார்பின் மேல் விழும் துணிக்கு லத்தீனில் என்ன சொல்? சினுஸ். மொழிபெயர்ப்பு முடிந்தது.

மொழிபெயர்ப்பில் பிழையே இல்லை. பிழை அதற்கு முன்பே குடியேறிவிட்டது. நானூறு ஆண்டுகளுக்கு முன், 770களில், இந்தியாவிலிருந்து சென்ற அறிஞர் ஒருவர் பாக்தாதில் கலீஃபா அல்-மன்சூரின் அவைக்கு ஒரு சமஸ்கிருத வானியல் நூலைக் கொண்டுபோனார். அதை ஒட்டி அரபியில் எழுந்த நூல் மரபு 'சிந்த்ஹிந்த்' எனப்பட்டது. அந்தக் கைமாற்றத்தில் 'ஜீவா' என்ற சமஸ்கிருதச் சொல்லை அரபியர் மொழிபெயர்க்கவில்லை. ஓசையை அப்படியே வாங்கி 'ஜீபா' என்று எழுதிக்கொண்டார்கள். அரபியில் அதற்குப் பொருள் கிடையாது. பொருளற்ற ஒரு சொல்லும் பொருளுள்ள ஒரு சொல்லும் ஒரே எழுத்துகளில் எழுதப்பட்டால், காலம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஐயமில்லை. ஜீபா மெல்ல ஜைப் ஆனது.

ஜீவா என்றால், அதன் மற்றொரு வடிவமான ஜ்யாவைப் போலவே, வில்லின் நாண். வட்டத்தின் ஒரு துண்டை வரைந்து அதன் இரு முனைகளையும் நேர்க்கோட்டால் இணைத்துப் பாருங்கள். உங்கள் முன் ஒரு வில் கிடக்கும். அந்த வளைவைச் சாபம், தனுஸ் என்றார்கள், இரண்டுமே வில்தான். இணைக்கும் கோடு நாண். நாணின் நடுவிலிருந்து வளைவின் உச்சிவரை செல்லும் சிறு கோடு சரம், அதாவது அம்பு. போர்க்களத்தில் பிறந்த ஒரு பொருள் வானத்தை அளக்க வந்து நிற்கும் அந்தப் படத்தில் தனி அழகு உண்டு. கிரேக்கத்தின் ஹிப்பார்க்கஸும் தாலமியும் முழு நாணின் நீளத்தையே கணக்கிட்டிருந்தார்கள். பாதி நாணை எடுத்துக்கொண்டால் செங்கோண முக்கோணம் தானாகவே அமைந்து கணக்கு எளிதாகும் என்பதைச் சித்தாந்தங்கள் எனப்பட்ட இந்திய வானியல் நூல்கள் கண்டன. 499இல், தம் 23ஆம் வயதில், ஆரியபடர் அந்தப் பாதி நாண்களின் அட்டவணையை எழுத்துகளே எண்களாக நிற்கும் ஒரே செய்யுளுக்குள் அடக்கினார்: 24 எண்கள், ஒவ்வொன்றும் முந்தைய பாதி நாணுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு. அதை அவர் அர்த்தஜ்யா, பாதி நாண் என்றார்.

இவ்வளவுதான் வம்ச வரலாறு. நாண், பொருளற்ற ஓசையாகி, மார்புத் துணியாகி, மடிப்பாகி, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் சைனாக வந்தது. அடுத்த நூற்றாண்டில், 1620இல், எட்மண்ட் குண்டர் அதன் துணைக்குக் கோசைன் என்ற தோழியையும் சேர்த்துவைத்தார். இன்று கால்குலேட்டர் பொத்தானில் அது மூன்றெழுத்தாகச் சுருங்கிக் கிடக்கிறது. அதே மூன்றெழுத்து ஆங்கிலத்தில் பாவத்தையும் குறிப்பது, கணக்குக்குப் பயந்த மாணவர்களுக்கு மட்டும் தற்செயலாகத் தோன்றாது.

இதைப் படிக்கும்போது நமக்குள் முதலில் எழுவது, குற்றவாளியைத் தேடும் ஆசை. யார் தவறு செய்தார்? பாக்தாதின் எழுத்தரா? அவர் கேட்ட ஓசையை நேர்மையாகப் பதிந்தார். அயலாரின் கலைச்சொல்லைத் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது என்ற மரியாதை அவருக்கு இருந்தது. பின்னால் வந்த அரபு வாசகரா? அவர் தம் மொழியில் உள்ள சொல்லாகவே அதைப் படித்தார். வேறு எப்படிப் படிப்பார்? டொலேடோவின் மொழிபெயர்ப்பாளரா? அங்கியின் மார்புப் பகுதிக்கு ஆடையின் மார்பு மடிப்பைத் தந்த அவரைவிட நுட்பமாக யாராலும் மொழிபெயர்த்திருக்க முடியாது. ஒவ்வொருவரும் தம் முன்னவருக்கு உண்மையாக இருந்தார்கள். அத்தனை பேரின் நேர்மையும் கூடிக் கட்டியது ஒரு பிழை. பிழை என்றால் கவனக்குறைவு, பேராசை, வஞ்சகம் ஆகியவற்றின் விளைவு என்று நினைத்துப் பழகிய நமக்கு இது சற்றுத் தொந்தரவு தரும் செய்தி. குடும்பங்களிலும் சமயங்களிலும் நிறுவனங்களிலும் நாம் காணும் பொருளற்ற வழக்கங்கள் பலவற்றுக்குப் பின்னாலும் இப்படி ஒரு நீண்ட வரிசை நல்லவர்கள் நிற்கக்கூடும். தாம் பெற்றதை ஓர் எழுத்தும் பிசகாமல் கொடுத்தவர்கள். எதைக் கொடுக்கிறோம் என்று ஒரு கணம் நின்று கேளாதவர்கள்.

இங்கே அம்பின் கதை குறுக்கிடுகிறது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாணோடு கூடவே பயணப்பட்ட சரத்தை அரபியர் ஓசையாக வாங்கவில்லை. அதன் பொருளை உணர்ந்து 'சஹ்ம்' என்று தம் மொழியில் சொன்னார்கள். அரபியில் சஹ்ம் என்றால் அம்பு. லத்தீன்காரர்கள் அதைச் 'சகிட்டா' என்றார்கள். லத்தீனில் சகிட்டா என்றால் அம்பு. மூன்று மொழிகள், மூன்று எழுத்து முறைகள், அறுநூறு எழுநூறு ஆண்டுகள். அம்பு அம்பாகவே போய்ச் சேர்ந்தது. அதே வில்லில், அதே பயணத்தில், நாண் மட்டும் அறுந்தது. வேறுபாடு ஒன்றே: அம்பின் பொருளை வாங்கினார்கள், நாணின் ஓசையை வாங்கினார்கள். ஓசையை மாற்றாமல் காப்பதுதான் பக்தி என்று நாம் எண்ணுகிறோம். மந்திரமானாலும், சட்டத்தின் வாசகமானாலும், தலைவர்களின் முழக்கமானாலும், எழுத்து மாறாமல் இருந்தால் உயிர் இருக்கிறது என்று நம்புகிறோம். உள்ளிருப்பதை உணர்ந்து தன் மொழியில் தன் சொல்லால் திருப்பிச் சொல்பவன் நமக்குச் சற்றே துணிச்சல்காரனாகத் தெரிகிறான். ஆனால் அம்பைக் காப்பாற்றியது அந்தத் துணிச்சல்தான்.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை அழகாக முடியும். ஆனால் வரலாறு அத்தனை இணக்கமானதன்று. பொருளோடு போய்ச் சேர்ந்த சகிட்டாவை இன்று யாருக்குத் தெரியும்? கண்ணாடி வில்லைகளைத் தேய்ப்பவர்களும் வளைவுகள் கட்டும் பொறியாளர்களும் அதைச் சொல்வார்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை. பொருளை இழந்த சைனோ உலகின் எல்லாப் பள்ளிகளிலும் ஆட்சி செய்கிறது. மின்சாரத்தின் அலை, ஒலியின் அலை, ஓதத்தின் ஏற்ற இறக்கம், எல்லாம் அதன் பெயரால் பேசப்படுகின்றன. அப்படியானால் ஒரு சொல்லை வாழவைப்பது அதன் பொருள் என்றும் சொல்ல முடியவில்லை. தேவை இருந்தது, அதனால் வாழ்ந்தது. மனிதர்க்கு அந்தப் பாதி நாண் ஒவ்வொரு நாளும் வேண்டியிருந்தது: கிரகணத்தைக் கணிக்க, தொழுகைத் திசையை அறிய, கடலில் வழி காண. வேண்டப்படுகிற ஒன்றுக்கு எந்தப் பெயரும் போதும்.

நாணுக்கு அரபியர் செய்ததை நாம் பிறருக்குச் செய்யவில்லையா? பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று பார்க்கிறோமே, அதற்கு மூலமான சமஸ்கிருத 'ஹோரா' கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் மணியைக் குறிக்கும் சொல்லுக்கும் அதே தாய். வராகமிகிரரின் பிருஹஜ்ஜாதகம் என்னும் சோதிட நூல் அந்தச் சொல்லுக்கு ஒரு பிறப்புக்கதை சொல்கிறது: பகலும் இரவும் சேர்ந்த 'அஹோராத்ர' என்பதன் தலையையும் வாலையும் நறுக்கினால் ஹோரா கிடைக்கும் என்று சிலர் கருதுவராம். அயலிலிருந்து வந்த பிள்ளைக்கு நம் வீட்டுக் குலப்பெயரைச் சூட்டிக்கொண்டோம். கேந்திரம் என்று சோதிடர் சொல்வதும், ஊர்தோறும் பெயர்ப்பலகையில் கேந்திரிய என்று எழுதியிருப்பதும், கிரேக்கர்களின் 'கென்ட்ரோன்' என்னும் கூர்முனையிலிருந்து கிளைத்தவை. ஆரியபடருக்கு முன்பே கிரேக்க வானியல் இந்தியாவுக்குள் வந்து கலந்திருந்தது. அவர் கையில் பாதியாகிய நாணின் மறுபாதி யாருடையது என்று கேட்டால், நேர்மையான விடை நம் பெருமைக்கு அவ்வளவு உவப்பாக இராது. சைன் எங்களுடையது என்று மேடையில் முழங்குபவர்கள், கேந்திரம் யாருடையது என்ற கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும்.

தமிழுக்கு இதில் ஒரு விசித்திரமான பேறு உண்டு. இந்தச் சொல்லின் பயணத்தில் நேர்ந்த திருப்பங்கள் எல்லாமே நம் மொழியில் தனித்தனியாக வந்து குடியிருக்கின்றன. வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டை நம் பாடநூல்கள் நாண் என்றும், அதன் மேலுள்ள வளைவை வில் என்றும் சொல்கின்றன. பழைய படம் சிதையாமல் இருக்கிறது. பாரசீகமும் உருதும் வழியாக வந்த அரபு ஜைப், நம்மிடம் ஜேபி ஆயிற்று. ஜேப்படித் திருடனை அறியாத பேருந்து நிலையம் தமிழ்நாட்டில் இல்லை. லத்தீன் மடிப்பு சைனஸாக மருந்துக்கடைக்கு வந்தது. ஆங்கிலச் சைன் பத்தாம் வகுப்புக்கு வந்தது. ஒரே ஊரில் இருந்துகொண்டு, தாம் ஒரே கதையின் பாத்திரங்கள் என்று அறியாமல், அவை ஒன்றையொன்று கடந்துபோகின்றன. மனிதர்களிலும் இப்படி எத்தனை பேர், முகம் தெரியாத உறவினரோடு சாதியின் பெயரால், சமயத்தின் பெயரால் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சொல் மட்டுமா வந்தது? 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையின் அருகே வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். ஒரு பக்கமும் இரு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களைச் சைன்களே சொல்லிவிடும். அந்த ஒரு விதியைப் பற்றிக்கொண்டு முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும்பணி அங்கே தொடங்கியது. கோணங்களை அளக்கும், அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவி 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றப்பட்டபோது மோதி உருக்குலைந்தது. லாம்ப்டன் அதைத் தம் கையாலேயே பழுதுபார்த்தார். ஜ்யாவாக இந்த நிலத்திலிருந்து போனது, ஆள்பவரின் கருவிப்பெட்டிக்குள் சைனாகத் திரும்பி வந்து, இந்த நிலத்தையே அளந்து அவர்களிடம் கொடுத்தது. அதே ஆண்டுகளில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், சங்கமகிராமத்து மாதவனின் மரபில் வந்த கேரளக் கணிதர்கள் அறுபடாத நாணைக் கையில் வைத்திருந்தார்கள். மாதவன் பதினான்காம் நூற்றாண்டிலேயே ஜ்யாவின் மதிப்பை முடிவிலாத் தொடராக விரிக்கக் கண்டிருந்தார். ஜ்யேஷ்டதேவன் அதன் நிறுவலை மலையாளத்திலேயே யுக்திபாஷா என்ற நூலில் எழுதிவைத்தார். சார்லஸ் விஷ் என்ற ஆங்கிலேயர் 1830களில் இதைப் பற்றி எழுதிய பிறகுதான் ஐரோப்பா அதைக் கேள்விப்பட்டது. ஒரு கரையில் பொருளோடிருந்த ஜ்யா, மறுகரையில் பொருளிழந்த சைன். இரண்டையும் கொண்டு 30 பாகைக்குக் கணக்கிட்டால் விடை ஒன்றே: ஆரியபடரின் 3438 அலகு ஆரத்தில் 1719, அதாவது சரிபாதி.

எண் மாறவில்லை. பாக்தாதில் பெயர் குழம்பிய நாளிலும், டொலேடோவில் அது மடிப்பான நாளிலும், பரங்கிமலையில் அது அரசாங்கத்தின் வேலைக்காரனான நாளிலும், வட்டத்துக்கும் அதன் பாதி நாணுக்கும் உள்ள உறவு ஓர் இம்மியும் அசையவில்லை. நம் பெயர்கள், நம் வம்சாவளிகள், யார் முதல் என்ற நம் வழக்குகள் ஆகியவற்றுக்கெல்லாம் அடியில், யாருடைய ஒப்புதலையும் வேண்டாத ஏதோ ஒன்று தானாக இருந்துகொண்டிருக்கிறது என்பதையும், அதை நாம் உடைமையாக்க முடியாது, வாங்கிய கையிலிருந்து கொடுக்கும் கைக்கு மாற்ற மட்டுமே முடியும் என்பதையும், அப்படி மாற்றும்போது நம் அறியாமையும் நம் மரியாதையும் நம் மொழியின் எழுத்துமுறையும்கூட அதன் மேல் படிந்துதான் போகும் என்பதையும், அந்தப் படிவு நமக்குப் பின் வருபவர்களுக்கு நாம் விட்டுச்செல்லும் முகமாகவே ஆகிவிடும் என்பதையும் இந்தச் சிறு சொல்லின் நெடும்பயணம் நம்மை எண்ண வைக்கிறது.

அரபு நாடுகளின் வகுப்பறைகளில் சைனுக்கு இன்றும் ஜைப் என்றே பெயர். அந்த மாணவர்கள் கோணத்தின் சட்டைப்பையைக் கணக்கிடுகிறார்கள். திருத்திவிடலாமே என்று தோன்றும். திருத்துவதென்றால் எதுவரை திருத்துவது? ஜீபாவாகவா? அது வெறும் ஓசை. ஜ்யாவாகவா? ஆரியபடர் சொன்ன பாதி நாண் என்ற பெயரில் பாதி என்பது வழக்கில் எப்போதோ உதிர்ந்துவிட்டது. பாக்தாதுக்குக் கப்பல் ஏறுமுன்பே, முழு நாணின் பெயரைப் பாதி நாண் சுமந்துகொண்டிருந்தது.